மிதக்கும் பலகமும் நிலைக்கும் பெயரும்: கணினிச் சாளரங்களின் வரலாற்றில் ஒரு பகுதி

முன்னுரை

கணினியில் ஒரு படத்தைத் திருத்துகிறோம். அல்லது ஒரு நிரலை எழுதுகிறோம். திரையின் நடுவில் வேலை நடக்கும் பரப்பு இருக்கிறது. அதைச் சுற்றி வண்ணங்களுக்கு ஒரு பலகம், கோப்புகளின் பட்டியலுக்கு ஒரு பலகம், பிழைச் செய்திகளுக்கு ஒரு பலகம் என அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றன் தலைப்பைச் சுட்டியால் பற்றி இழுத்தால், அது விளிம்பினின்று கழன்று தனியே மிதக்கிறது. வேறொரு விளிம்பருகே கொண்டுசென்று விட்டால், அங்கே பொருந்திக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இதனை 'டாக்கிங்' என்பர். கப்பல் துறையை அடைந்து நிற்பதைக் குறிக்கும் சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

இப்பலகங்களின் வரலாற்றையும் அவற்றை நிரலர்கள் உருவாக்கும் முறையையும் இக்கட்டுரை சுருக்கமாகக் கூற முற்படுகிறது. மொழியியல் பயின்றோர்க்கு இப்பொருளில் என்ன வேலை என்ற வினா எழலாம். ஒரு பலகம் எங்கே இருந்தது என்பதைக் கணினி மறவாதிருக்க வேண்டுமாயின், அப்பலகத்துக்கு ஒரு பெயர் வேண்டும். அப்பெயர் வேறு, திரையில் நாம் படிக்கும் தலைப்பு வேறு. இவ்விரண்டையும் நிரலர் ஒன்றாகக் கொண்டுவிட்டால், முதலில் இழப்படைபவர் இடைமுகத்தைத் தம் தாய்மொழிக்கு மாற்றிக்கொண்டவரே. தமிழில் மென்பொருளைப் பயன்படுத்த விரும்பும் மாணவர்க்கும், அவ்விருப்பத்தை ஊட்டும் ஆசிரியர்க்கும் இஃது அறியத்தக்க செய்தி எனக் கருதுகிறோம்.

1. சாளரங்கள்: அடுக்குவதா, பரப்புவதா

'விண்டோ' என்னும் ஆங்கிலச் சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. 'காற்றின் கண்' என்பது அதன் மூலப்பொருள். தமிழிலும் இதனையொத்த சிந்தனை உண்டு. சிலப்பதிகாரத்தில் பயிலும் 'காலதர்' என்னும் சொல், காற்று எனப் பொருள்படும் 'கால்' என்பதும் வழி எனப் பொருள்படும் 'அதர்' என்பதும் சேர்ந்தது. 'பலகணி' என்பதில் கண் இருக்கிறது. நம் வீடுகளில் வழங்கும் 'ஜன்னல்' போர்ச்சுகீசிய மொழி தந்தது. கணினித் துறையினர் இவற்றுள் எதையும் கொள்ளாது 'சாளரம்' என்பதைத் தேர்ந்தனர், அது நிலைபெற்றுவிட்டது.

திரையில் சாளரம் என்னும் கருத்து உருப்பெற்ற இடங்களுள் முதன்மையானது, அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரில் 1970இல் தொடங்கப்பட்ட ஜெராக்ஸ் ஆய்வு நடுவம் ஆகும். அங்கு 1973இல் உருவான ஆல்ட்டோ என்னும் கணினியின் திரை, 606 புள்ளி அகலமும் 808 புள்ளி உயரமும் கொண்டது; நிற்கவைத்த தாளின் வடிவினது. அவ்வளவு சிறிய பரப்பில் பல பணிகளுக்கு இடம் காண்பது எங்ஙனம்? ஆலன் கேயும் அவருடைய குழுவினரும் ஸ்மால்டாக் என்னும் நிரல்மொழிச் சூழலை அமைத்தபோது, மேசைமேல் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதுபோலச் சாளரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டனர். மேலுள்ளது கீழுள்ளதை மறைக்கும். வேண்டியபோது கீழுள்ளதை மேலே கொணரலாம். இதனை அடுக்குமுறை என்போம்.

இதற்கு மாறான முறை, சாளரங்களைத் தரையோடுகள்போல ஒன்றையொன்று மறையாமல் பரப்புவது. அதே ஜெராக்ஸ் நிறுவனம் 1981இல் விற்பனைக்குக் கொணர்ந்த ஸ்டார் கணினியில், ஆவணச் சாளரங்கள் பெரும்பாலும் இம்முறையிலேயே அமைந்தன. சாளரங்களை நகர்த்தி ஒழுங்குபடுத்துவதிலேயே பயனரின் நேரம் கழியலாகாது என்பது அதன் நோக்கம்.

1984 ஜனவரியில் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினி, 512 புள்ளி அகலமும் 342 புள்ளி உயரமும் உடைய சிறு திரையில் அடுக்குமுறையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. 1985 நவம்பரில் வந்த மைக்ரோசாப்ட் விண்டோஸின் முதற்பதிப்போ பரப்புமுறையைப் பின்பற்றியது. 1987 இறுதியில் வந்த இரண்டாம் பதிப்பே சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய இடந்தந்தது. அடுத்த ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் மைக்ரோசாப்ட்மீது தொடுத்த புகழ்பெற்ற வழக்கில் இவ்வேறுபாடும் பேசப்பட்டது. 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆப்பிளுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

அடுக்குமுறையில் உரிமை மிகுதி, ஒழுங்கு குறைவு. பரப்புமுறையில் ஒழுங்கு மிகுதி, உரிமை குறைவு. பொருத்தத்தக்க பலகம் இவ்விரண்டுக்கும் இடையே பிறந்த உடன்பாடாகும். விளிம்பில் நிற்கும்போது அது பரப்புமுறைக்கு உரியது, எதையும் மறைப்பதில்லை. கழன்று மிதக்கும்போது அடுக்குமுறைக்கு உரியது. எந்நிலையில் அது இருக்க வேண்டும் என்பதைப் பயனரே முடிவுசெய்கிறார்.

2. கருவிகள் மிதக்கத் தொடங்கிய காலம்

பலகங்கள் கழலத் தொடங்கியதற்கு முதற்காரணம் இட நெருக்கடியே. 1984இல் மெக்கின்டாஷுடன் வந்த மேக்பெயின்ட் என்னும் ஓவியச் செயலியில், தூரிகை, அழிப்பான் முதலிய கருவிகள் திரையின் இடப்புறத்தில் அசையாது நின்றன. வரையும் பரப்பு எஞ்சிய இடத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. 1987இல் வந்த ஹைப்பர்கார்டு என்னும் செயலியில் இதற்கு ஒரு தீர்வு காணப்பட்டது. கருவிகளின் பட்டியை அதன் தலைப்பிலிருந்து பிய்த்தெடுத்துத் திரையில் வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்தபின் மூடிவிடலாம்.

1990இல் முதற்பதிப்பாக வெளிவந்த போட்டோஷாப், இவ்வாறு மிதக்கும் தட்டுகளைப் பெரிதும் நம்பியிருந்தது. பதிப்புக்குப் பதிப்பு வசதிகள் பெருகின, தட்டுகளும் பெருகின, வரைய வேண்டிய படமே தட்டுகளின்கீழ் மறையலாயிற்று. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பு, பல தட்டுகளை ஒரே சட்டகத்துள் அடக்கி, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சிறு தலைப்புக் காதை மட்டும் வெளியே நீட்டியது. அலுவலகக் கோப்புப் பெட்டியில் அட்டைகளின் காதுகள் தெரிவது போன்ற அமைப்பு அது. தமிழில் இதனைச் சில மென்பொருள்கள் 'கீற்று' என்றும் சில 'தாவல்' என்றும் குறிக்கின்றன. இக்கட்டுரையில் நாம் கீற்று என்றே ஆள்கிறோம்.

அதே 1994இல் மைக்ரோசாப்ட் தன் விஷுவல் சி பிளஸ் பிளஸ் இரண்டாம் பதிப்புடன் வழங்கிய நிரற்கூறுத் தொகுப்பு, பொருத்தத்தக்க கருவிப்பட்டைகளை எல்லா நிரலர்க்கும் எட்டச் செய்தது. அதுவரை ஒவ்வொரு குழுவும் தானே முயன்று எழுத வேண்டியிருந்ததை, இனிச் சில வரிகளில் வரவழைக்கலாம் என்றாயிற்று. 1998இல் வந்த டெல்ஃபை நான்காம் பதிப்பும் இவ்வசதியைத் தன் நிரற்கூறுகளோடு சேர்த்தது. 2001இல் நார்வே நாட்டு நிறுவனமான டிரால்டெக், தன் கியூட்டி நிரற்கூறுத் தொகுப்பின் மூன்றாம் பதிப்பில் இதனை அமைத்து, 2005இல் நான்காம் பதிப்பில் புதுக்கி எழுதியது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1992இல் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸ் என்னும் கட்டற்ற தொகுப்பில், 2006இல் இவ்வசதி இடம்பெற்றது.

எல்லாரும் இவ்வழியே சென்றனர் எனல் ஆகாது. பிளெண்டர் என்னும் முப்பரிமாண வரைகலைச் செயலி, திரையைப் பிரிக்கலாம், சேர்க்கலாம், ஆனால் ஒரு பகுதி மற்றொன்றை மறைக்கலாகாது என்னும் கொள்கையைத் தொடக்கம் முதலே முதன்மையாகக் கொண்டது. கிம்ப் என்னும் படத்திருத்தச் செயலி அதன் எதிர்முனையில் நின்றது. அதன் கருவிகள் தனித்தனிச் சாளரங்களாகத் திரையெங்கும் சிதறிக் கிடந்தன. பயனர் பலர் பல்லாண்டு வேண்டியபின், 2012இல் வந்த 2.8 பதிப்பு எல்லாவற்றையும் ஒரே சாளரத்துள் கொணரும் விருப்பத்தெரிவை அளித்தது; 2018இன் 2.10 பதிப்பில் அதுவே இயல்பு நிலையாயிற்று. 2015இல் அறிமுகமான விஷுவல் ஸ்டுடியோ கோடு என்னும் நிரல்திருத்தியோ எதிர்த்திசையில் சென்றது. ஒரே சாளரத்துள் அடங்கியிருந்த அதன் திருத்துபரப்புகள், 2023இன் இறுதியில்தான் தனிச் சாளரமாகக் கழலும் உரிமை பெற்றன. இரு செயலிகளும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து ஏறத்தாழ ஒரே இடத்தில் சந்தித்தன எனலாம்.

3. ஒரு பலகம் கழன்று பொருந்தும் வகை

பயனருக்கு ஒரே அசைவாகத் தோன்றுவது நிரலர்க்குப் பல படிகளாகும். அவற்றை வரிசையாகக் காண்போம்.

பயனர் பலகத்தின் தலைப்பை அழுத்துகிறார். இது வெறும் சொடுக்கா, இழுவையின் தொடக்கமா என்பது அந்நொடியில் தெரியாது. எனவே சுட்டி சில புள்ளிகள் நகரும்வரை நிரல் காத்திருக்கிறது. அவ்வெல்லையைக் கடந்ததும் அதனை இழுவை எனக் கொள்கிறது. அதன்பின் சுட்டி ஒவ்வொரு முறை அசையும்போதும், இப்போது அது எப்பகுதியின்மேல் நிற்கிறது என ஆராய்கிறது. இடவிளிம்பா, வலவிளிம்பா, மேலா, கீழா, அல்லது வேறொரு பலகத்தின் நடுவா? விடைக்கேற்ப, பலகம் விடப்பட்டால் எங்கே அமையும் என்பதை ஒரு கோட்டுச் சட்டமாகவோ மங்கிய நிழலாகவோ முன்கூட்டிக் காட்டுகிறது. விஷுவல் ஸ்டுடியோவின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பு, இழுக்கும்போது திரை நடுவே திசைகாட்டும் சிறு குறிகளைத் தோற்றுவித்தது. பலகம் எங்கே போய் ஒட்டுமோ என்னும் ஐயம் அதனால் பெரிதும் நீங்கியது.

விசையைவிட்டுக் கையெடுத்ததும் உண்மையான மாற்றம் நிகழ்கிறது. மிதக்கவிடுவதாயின், பலகம் தனக்கென ஒரு சாளரத்தைப் பெறுகிறது. அச்சாளரம் முதன்மைச் சாளரத்துக்கு உரியதாக, அதற்கு மேலேயே நிற்க வேண்டும். முதன்மைச் சாளரம் மூடப்பட்டால் தானும் மூடப்பட வேண்டும். பொருத்துவதாயின், பலகம் முதன்மைச் சாளரத்தின் உறுப்பாகி, இடம் மீண்டும் பங்கிடப்படுகிறது.

இப்பங்கீட்டைக் கிளைபிரியும் மரமாகக் கருதினால் எளிதில் விளங்கும். முதன்மைச் சாளரம் வேர். அது முதலில் இடம் வலமாகப் பிரிகிறது. வலப்பகுதி மேல் கீழாகப் பிரிகிறது. இவ்வாறு பிரிந்து சென்று, இலையிடத்தில் ஒரு பலகமோ கீற்றுகளாக அடுங்கிய பல பலகங்களோ நிற்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் இரு பக்கத்துக்கும் உரிய அளவு குறிக்கப்பட்டிருக்கும். மொழியியல் மாணவர்க்கு இது புதிதன்று. ஒரு வாக்கியத்தைத் தொடர்களாகவும் சொற்களாகவும் பிரித்து வரையும் மரமும் இத்தகையதே. ஒரு பலகத்தை இழுத்து வேறிடம் வைப்பது, அம்மரத்தின் ஓர் இலையைக் கிள்ளி வேறொரு கிளையில் ஒட்டுவதாகும். கிள்ளிய இடத்தில் வெற்றுக்கிளை எஞ்சினால் அதனையும் நீக்கிவிட வேண்டும்; நீக்காவிடில் திரையில் காரணமின்றி ஒரு வெற்றிடம் நிற்கும்.

வேறு சில நுட்பங்களும் உண்டு. ஒவ்வொரு பலகத்துக்கும் குறைந்தபட்ச அளவு வேண்டும். இல்லையேல் அது சுருங்கி மறைந்துவிடும். சுட்டியைப் பயன்படுத்த இயலாதவர்க்காக, விசைப்பலகையாலும் பலகத்தை நகர்த்த வழி வேண்டும். இரண்டாவது திரையில் மிதந்த பலகத்தின் இடத்தை அப்படியே குறித்துவைத்து, அத்திரை கழற்றப்பட்ட பின்னர் அங்கேயே தோற்றுவித்தால், பலகம் பயனரின் கண்ணுக்கு எட்டாத வெளியில் திறக்கும். ஆகவே குறித்துவைத்த இடம் இப்போதுள்ள திரைகளுள் அடங்குகிறதா என முதலில் பார்த்தல் வேண்டும். இயங்குதளமும் வரம்பு விதிக்கலாம். லினக்ஸ் கணினிகளில் பரவிவரும் வேலண்ட் என்னும் திரைமுறை, ஒரு செயலி தன் சாளரத்தைத் திரையில் இன்ன இடத்தில்தான் வைப்பேன் எனத் தானே முடிவுசெய்ய இடந்தருவதில்லை. அதனால் மிதக்கும் பலகங்களை அமைப்போர் பழைய வழிகளை மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது.

4. கீற்றுக்கு உரிமையாளர் யார்?

இவ்வரலாற்றில் சட்டத்துக்கும் ஓர் இயல் உண்டு. திரையின் ஒரே பரப்பில் பல தகவல் தொகுதிகளைக் கீற்றுகளாக அடுக்கிக் காட்டும் முறைக்கு, போட்டோஷாப்பின் உரிமையாளரான அடோபி நிறுவனம் 1996இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. ஃப்ளாஷ் முதலிய செயலிகளை வெளியிட்டுவந்த மேக்ரோமீடியா நிறுவனமும் தன் செயலிகளில் கீற்றுப் பலகங்களை ஆண்டது. 2000 ஆகஸ்டில் அடோபி வழக்குத் தொடுத்தது. மேக்ரோமீடியாவும் தன் காப்புரிமைகளைக் காட்டி எதிர்வழக்காடியது.

2002 மே மாதத்தில், டெலவேர் நீதிமன்றத்தில் நடுவர் குழு, அடோபிக்கு 2.8 மில்லியன் அமெரிக்க வெள்ளி இழப்பீடு தர வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. சில நாள்களிலேயே, மேக்ரோமீடியாவுக்கு அடோபி 4.9 மில்லியன் வெள்ளி தர வேண்டுமென மற்றொரு தீர்ப்பு வந்தது. அவ்வாண்டு ஜூலையில் இரு நிறுவனங்களும் உடன்பாடு கண்டு வழக்குகளை முடித்துக்கொண்டன. 2005 டிசம்பரில் அடோபி மேக்ரோமீடியாவையே வாங்கிவிட்டது.

கோப்புப் பெட்டியின் அட்டைக்காதைப் போன்ற எளிய அமைப்புக்காக இத்தனை மில்லியன் வெள்ளி வழக்கு நடந்ததெனில், திரையில் இடங்களை அமைப்பது எத்துணைப் பெரிய சொத்தாகக் கருதப்பட்டது என்பது விளங்கும். அதே அமைப்பை இன்று எந்த மாணவரும் கட்டற்ற நிரற்கூறுகளைக்கொண்டு ஒரு பிற்பகலில் உருவாக்கிவிடலாம்.

5. நினைவும் பெயரும்

இனி, முன்னுரையில் சுட்டிய செய்திக்கு வருவோம். பயனர் தம் பலகங்களைத் தமக்கேற்றவாறு அமைத்துக்கொண்டார். செயலியை மூடிவிட்டு மறுநாள் திறக்கிறார். அமைத்தபடியே இருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பு. அதற்கு அந்த மரத்தை எழுத்துவடிவில் கோப்பாகச் சேமித்தல் வேண்டும். மரத்தின் இலைகளில் நிற்பவை பலகங்கள். பலகத்தைக் கோப்பில் எழுத இயலாது. அதன் பெயரைத்தான் எழுத இயலும். மறுநாள் செயலி அப்பெயரைப் படித்து, அதற்குரிய பலகத்தைத் தேடி எடுத்து, உரிய கிளையில் வைக்கும். பெயரில்லாப் பலகத்தைத் தேட வழியில்லை.

கியூட்டி தொகுப்பில் இது தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள ஒவ்வொரு பலகத்துக்கும் திரையில் தோன்றும் தலைப்பு ஒன்று. உள்ளே வழங்கும் பெயர் ஒன்று. பின்னதை 'ஆப்ஜெக்ட் நேம்' என்பர். அப்பெயரை நிரலர் இடாமல் விட்டால், அமைப்பைச் சேமிக்கும்போது தொகுப்பு எச்சரிக்கை விடுக்கும். அப்பலகத்தின் இடமும் மீளாது. இரு பலகங்களுக்கு ஒரே பெயரை இட்டாலும் குழப்பமே. மைக்ரோசாப்டின் பழைய தொகுப்பு பெயருக்குப் பதிலாக எண்ணை ஆண்டது. ஐபிஎம் நிறுவனம் 2001இல் பொதுவெளிக்கு அளித்த எக்லிப்ஸ் என்னும் நிரலாக்கச் சூழல், ஒவ்வொரு பலகத்துக்கும் நெடிய அடையாளச் சரம் ஒன்றை அளித்து, திரைத்தலைப்பை மொழிபெயர்ப்புக் கோப்பில் தனியே வைத்தது. வழிகள் வேறாயினும் கொள்கை ஒன்றே: அடையாளப் பெயரை எவரும் மொழிபெயர்க்கலாகாது, காட்சித் தலைப்பை எவரும் மொழிபெயர்க்கலாம்.

இக்கொள்கை வழுவும்போது நேர்வது என்ன? ஆங்கிலம் மட்டும் அறிந்த நிரலர் ஒருவர், தலைப்பையே அடையாளமாக வைத்துவிடுகிறார் எனக் கொள்வோம். அவருடைய கணினியில் எல்லாம் செவ்வனே நடக்கும். பயனர் ஒருவர் இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றியதும், 'லேயர்ஸ்' என்றிருந்த தலைப்பு 'அடுக்குகள்' என்றாகிறது. சேமித்த கோப்பில் 'லேயர்ஸ்' என்றே உள்ளது. செயலி அப்பெயரைத் தேடுகிறது, காணவில்லை. பயனர் அரிதின் அமைத்த ஒழுங்கு அழிந்து, பலகங்கள் தொடக்க நிலைக்குத் திரும்புகின்றன. அவர் நிரலரைக் குறைகூற மாட்டார். அவருக்குக் காரணம் தெரியாது. தமிழுக்கு மாற்றினால் செயலி ஒழுங்காக வேலைசெய்யாது என்றே முடிவுகட்டுவார். தமிழ் இடைமுகத்தைப் பலர் கைவிடுவதற்குச் சொற்களின் கடுமையையே காரணமாகக் காட்டுவது வழக்கம். நிரலரின் இத்தகைய சிறு கவனக்குறைவுகளுக்கும் அதில் பங்குண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

இதன் மறுபக்கமும் உண்டு. டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸ் தொகுப்பில் பெயரும் தலைப்பும் தனித்தனியே உள்ளன, அது நன்று. ஆனால் அமைப்பைச் சேமிக்கும் சரத்தில், பலகத்தின் பெயர், திசை, வரிசை, இடம் ஆகியவற்றோடு தலைப்பும் சேர்த்தே எழுதப்பட்டது. எனவே ஆங்கிலத்தில் சேமித்த அமைப்பைத் தமிழ் இடைமுகத்தில் மீட்டால், பலகங்கள் உரிய இடத்தில் நிற்கும். தலைப்புகளோ ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். மீட்டபின் தலைப்புகளை மறுபடியும் இடுவது நிரலரின் பொறுப்பாயிற்று. முன்னதில் மொழி மாறியதால் இடம் மறந்தது. பின்னதில் இடம் நினைவிருந்தும் மொழி மறந்தது.

மொழியியலில் குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையேயுள்ள தொடர்பு இயற்கையானதன்று, வழக்கால் அமைந்தது எனப் பயில்கிறோம். ஃபெர்டினான் டி சொசூரின் விரிவுரைகள் 1916இல் நூலானது முதல் இது பாடமாக இருந்துவருகிறது. ஒரு பொருளை ஆங்கிலச் சொல்லால் குறித்தாலும் தமிழ்ச் சொல்லால் குறித்தாலும் பொருள் ஒன்றே. தலைப்பையே அடையாளமாகக் கொள்ளும் நிரலர், ஒரு மொழியின் சொல்லைப் பொருளோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைத்துவிடுகிறார். ஒரே மொழியில் வாழ்பவர்க்கு அப்பிணைப்பு கண்ணில் படாது. இரு மொழிகளிலும் மூன்று மொழிகளிலும் நாள்தோறும் புழங்கும் நம்போன்றோர்க்கு அது விரைவில் புலப்படும்.

6. தமிழில் சொல்லும் வகை

பலகங்களின் செயல்களைத் தமிழில் எவ்வாறு குறிப்பது? சிங்கப்பூரில் 1997இல் நடந்த தமிழிணைய மாநாடும், 2000இல் இங்கேயே தோன்றிய உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமமும், கணினிக் கலைச்சொற்கள்பற்றிய உரையாடலை நாடு கடந்து வளர்த்தன. கோப்பு, சுட்டி, திரை, விசைப்பலகை, கருவிப்பட்டை ஆகியன இன்று மாணவர் நாவில் இயல்பாக வருகின்றன. 'டாக்' என்பதற்கு மட்டும் ஒருமித்த சொல் இன்னும் வேரூன்றவில்லை.

நேர்மொழிபெயர்ப்பாகத் 'துறை' என்பதைக் கொள்ளலாமா? 1864இல் தஞ்சோங் பகாரில் கப்பல்துறை நிறுவனம் எழுந்தது முதல், சிங்கப்பூர்த் தமிழர் வாழ்வில் துறைமுகத்துக்கு நீண்ட இடமுண்டு. ஆயினும் 'துறை' இன்று கல்வித்துறை, அரசுத்துறை என வேறு பொருளில் பெருவழக்காகிவிட்டது. கப்பல் கரையை 'அணைவது' என்பதும் அழகிய வழக்கே. ஆனால் 'அணை' என்று ஒரு பொத்தானில் எழுதினால், விளக்கை அணைப்பதுபோலச் செயலியை நிறுத்தும் கட்டளை எனப் பயனர் அஞ்சுவார். 'ஒட்டு' என்பது படியெடுத்ததை ஒட்டுவதற்கு ஏற்கெனவே உரியதாகிவிட்டது.

'பொருத்து' என்னும் வினையே ஏற்றது எனக் கருதுகிறோம். அதற்கொரு சிறப்பு உண்டு. ஆங்கிலத்தில் பயனர் பலகத்தை 'டாக்' செய்வதும், பலகம் தானே 'டாக்' ஆவதும் ஒரே சொல். தமிழில் பலகம் பொருந்துகிறது. பயனர் அதனைப் பொருத்துகிறார். தன்வினையும் பிறவினையும் மெல்லின, வல்லின வேறுபாட்டால் பிரிகின்றன. அவ்வாறே விளிம்பில் தானாக மறைந்து நிற்பது 'ஒதுங்கு'. அவ்வாறு செய்யச் சொல்வது 'ஒதுக்கு'. பிரிவது 'கழல்', பிரிப்பது 'கழற்று'. கட்டளைப் பொத்தானுக்குப் பிறவினையையும், நிலையைக் காட்டும் குறிப்புக்குத் தன்வினையையும் ஆண்டால், பயனர் எது கட்டளை, எது செய்தி என உடனே அறிவார்.

இதில் நிரலர் செய்ய வேண்டுவதும் ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பாளர் கைக்கு 'டாக்' என்னும் ஒற்றைச் சொல் மட்டும் வந்தால், அது பெயரா, கட்டளையா, நிலையா என அவர் அறியார். ஆங்கிலத்தில் ஒன்றாயிருப்பது தமிழில் இரண்டாகவோ மூன்றாகவோ வேண்டும். மென்பொருள் மொழிபெயர்ப்புக்குப் பரவலாகப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் முறையிலும் கியூட்டி முறையிலும், ஒவ்வொரு சொல்லோடும் அதன் சூழலைக் குறித்து அனுப்ப வழியுண்டு. அவ்வழியை நிரலர் பயன்படுத்தினாலன்றிச் சிறந்த மொழிபெயர்ப்பாளராலும் செம்மையாகச் செய்தல் அரிது.

எழுத்தின் வடிவையும் கருத வேண்டும். 'லேயர்ஸ்' என்பதன் ஆங்கில எழுத்துகளுக்கு அளந்த கீற்றின் அகலம், 'அடுக்குகள்' என்பதற்குப் போதாமல் சொல் பாதியில் வெட்டுண்ணலாம். மேலே கொம்பும் கீழே சுழியும் பெறும் நம் எழுத்துகளுக்கு வரியுயரமும் மிகுதியாக வேண்டும். கீற்றின் அளவை எண்ணாக நிலைநிறுத்தாது, அதிலுள்ள சொல்லை அளந்து முடிவுசெய்யும் நிரலே எம்மொழிக்கும் பொருந்தும்.

நிறைவுரை

திரையில் இடம் போதாமையால் பலகங்கள் கழன்றன. கழன்றவை சிதறியமையால் மீண்டும் பொருந்தின. பொருந்திய ஒழுங்கை நினைவிற்கொள்ளப் பெயர் வேண்டியதாயிற்று. ஐம்பது ஆண்டு வரலாற்றின் சுருக்கம் இதுவே.

ஆசிரியர்கள் வகுப்பறையில் இதனை எளிதாகச் சோதித்துக் காட்டலாம். தமிழ் இடைமுகம் உள்ள ஏதேனும் ஒரு செயலியில் பலகங்களை இடம் மாற்றிவைக்கச் சொல்லுங்கள். பின்னர் மொழியைத் தமிழுக்கு மாற்றி மறுபடியும் திறக்கச் சொல்லுங்கள். பலகங்கள் வைத்த இடத்தில் உள்ளனவா? தலைப்புகள் தமிழில் உள்ளனவா? எச்சொல் வெட்டுண்டது? எக்கட்டளை பொருள் மயங்குகிறது? விடைகளைத் தொகுத்து அச்செயலியை உருவாக்கியோர்க்கு அனுப்பலாம். கட்டற்ற மென்பொருளாயின், நிரல் பயிலும் மாணவர் தாமே திருத்தியும் அனுப்பலாம்.

நிரலாக்கம் பயிலும் மாணவர்க்கு ஒரு சொல். நீங்கள் உருவாக்கும் ஒவ்வொரு பலகத்துக்கும் இரு பெயர் இடுங்கள். ஒன்று கணினிக்கு, அது மாறாதிருக்கட்டும். மற்றொன்று மாந்தர்க்கு, அதை அவரவர் மொழியில் எழுத இடம் விடுங்கள்.